நெடுந்தூர ஓட்டமும் வலியறிதலும்

உடலுறுதி கல்வியின் ஓர் அங்கமென்பதை இக்காலத்தில் மறுப்பார் எவருமிலர். ஏட்டுக்கல்வியோடு அமையாது மைதானத்திலும் மாணாக்கர் பயில வேண்டுமென்பது நம் போன்ற கலாசாலைகள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. 1920ஆம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியாவிலிருந்து சென்ற சௌகுலே என்பவர் மாரத்தான் ஓட்டத்தில் 19ஆவதாக வந்து சேர்ந்தார். அன்று ஒருவர் இருவர்க்கே உரியதாயிருந்த நெடுந்தூர ஓட்டம் இன்று ஊர்தோறும் பரவியிருக்கிறது. கடற்கரைச் சாலைகளிலும், ஏரிக்கரைகளிலும், வைகறைப் பொழுதில் ஆடவரும் பெண்டிரும் முதியோரும் ஓடுவதைக் காண்கிறோம். நம் விடுதிகளிலும், முன்பு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே விடியுமுன் எழுந்து ஓடினர். இன்றோ ஐந்து மணிக்கு வாயிற்கதவு திறக்கும் ஓசை நாடோறும் கேட்கிறது. இதனைக் கண்டு மகிழாதார் யார்? ஆயினும் அம்மகிழ்ச்சியினிடையே ஒரு குறையையும் நாம் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. அக்குறை ஓடுவாரிடத்து மாத்திரம் உள்ளதன்று. ஓரத்தில் நின்று கைகொட்டும் நம் அனைவரிடத்தும் உள்ளது.

சென்ற ஆண்டு நம் கலாசாலையில் நிகழ்ந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் இரண்டாவதாக வந்த விடுதி மாணவர் கடைசி இருநூறு கெஜ தூரத்தை ஒரு காலை இழுத்துக்கொண்டே கடந்தார். மைதானம் முழுதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. நாம் அவரைத் தோள்மீது சுமந்து கொண்டாடினோம். ‘நோவை வென்ற வீரர்’ என்று அன்று மாலைக் கூட்டத்தில் புகழ்ந்து பேசியவரும் நம்முள் இருந்தனர். மறுநாட் காலை அவரால் அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. மருத்துவர் சோதித்துக் கணைக்கால் எலும்பு வெடித்திருக்கிறது என்றார். பதினான்கு வாரம் அவர் கோலூன்றியும், பிறர் தோள்பற்றியும் வகுப்புக்கு வந்தார். மாடியிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு ஏறமாட்டாமல் செய்முறைப் பாடங்கள் பலவற்றை இழந்தார்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்த விபத்தென்று நாம் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. ஓட்டத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பே உணவுக்கூடத்தில் அவர் தம் காலைத் தடவியவாறு, “இந்த ஓரிடத்தில் குத்துகிறது, இரவிலும் விடவில்லை” என்று நம்மிடம் சொன்னார். அதற்கு நாம் கூறிய மறுமொழி, “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்பதே. ஒரு நண்பர் அவரைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துச் சென்றார்; அவர் எண்ணெயிட்டு அவ்விடத்தையே அழுந்த நீவிவிட்டார். ஓட்டத்தன்று காலையில் நோவு மறக்கும் மாத்திரை இரண்டை வாங்கிக் கொடுத்தவரும் நம்மவரே. பின்னொரு நாள் அம்மாணவரே நம்மிடம் சொன்னார்: “ஏழாவது கிலோமீட்டரில் நின்றுவிட நினைத்தேன். நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூவினீர்கள். எப்படி நிற்பேன்?” அவர் அதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவருடைய இசைவு பெற்றே இதனை ஈண்டு எழுதுகிறோம்.

நம் கருத்து இதுதான்: நோவோடு ஓடி முடிப்பதை வீரமென்று பாராட்டும் வழக்கத்தை நம் கலாசாலை கைவிட வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் அறிவையும் ஓட்டப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கற்பிக்க வேண்டும்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கு வலி என்பது வன்மை. இன்றைய வழக்கிலோ வலியென்றால் நோவு. ஒரே சொல் இருபொருளும் தாங்கி நிற்பது ஓடுவார்க்கு மிகவும் பொருத்தமாயிருக்கிறது. தன் வன்மையின் எல்லையை அறியாதவன் பிறகு மற்றை வலியால் அதனை அறிந்துகொள்கிறான். அரசர்க்கென்று வகுக்கப்பட்ட அவ்வதிகாரத்தில், மென்மையான மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்னும் உவமை வருகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்க்கு வரும் காயங்களின் தன்மையை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. கீழே விழுந்தோ, பிறர்மேல் மோதியோ அவர்கள் காயமுறுவது சிறுபான்மை. ஒரே சிறு தாக்கம் ஆயிரமாயிரம் முறை திரும்பத் திரும்ப வருதலால் உண்டாவதே பெரும்பான்மை.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடுபவர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 170 அடி வைக்கிறார் என்று கொண்டால், 50 நிமிஷ ஓட்டத்தில் 8,500 அடிகள் ஆகின்றன. ஒவ்வோர் அடியிலும் தரை அவர் காலைத் திருப்பித் தாக்கும் விசை உடலின் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். இத்தாக்கம் தீங்கென்று எண்ணலாகாது. எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருளன்று. தேய்ந்த பகுதியை அகற்றிப் புதிய பகுதியைக் கட்டுகிற வேலை அதனுள் ஓயாது நடைபெறுகிறது. தாக்கமே அவ்வேலையைத் தூண்டி எலும்பை வலுப்படுத்துகிறது. ஆனால் பழையதை அகற்றும் வேலை சில வாரங்களில் முடிய, புதியதைக் கட்டும் வேலைக்குப் பல மாதங்கள் செல்லும். இடையிலுள்ள காலத்தில் எலும்பு முன்னிலும் நலிந்திருக்கும். அந்நிலையில் ஓய்வின்றி மேன்மேலும் சுமையேற்றினால் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகிறது. அவ்வெடிப்பு முதல் சில வாரங்களில் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாமற் போவதும் உண்டு. “படத்தில் ஒன்றுமில்லை” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பவும் ஓடப் புகுந்து கெட்டவர் பலர்.

ஆயின் எந்த நோவுக்கு நிற்பது, எதனைப் பொறுத்து ஓடுவது என்று வினவலாம். இவ்வினா நியாயமானதே. கஷ்டமே இல்லாத ஓட்டம் ஓட்டமாகாது; மூச்சிரைப்பையும் தொடையின் எரிவையும் பொறுக்கப் பழகுவதால் மனவுறுதி வளர்கிறதென்பதும் மெய். ஆனால் நோவு இருவகைப்படும். உழைப்பால் வரும் அயர்ச்சி இரு கால்களிலும் பரந்து நிற்கும். ஓட்டத்தை நிறுத்தினால் தணியும். மறுநாளோ மூன்றாம் நாளோ மறையும். மற்றொன்று ஒரு புள்ளியில் நிற்கும்; விரலால் தொட்டுக் காட்டலாம்; நாளுக்கு நாள் முன்னதாகவே தொடங்கும்; நடையை மாற்றும்; படுக்கையிலும் உறுத்தும். முன்னது ஆசிரியர் போன்றது. பின்னது தூதுவன் போன்றது. ஆசிரியர் கடுமையைப் பொறுக்கலாம். தூதுவன் கொணர்ந்த ஓலையைப் படியாமல் கிழித்தெறிவது வீரமாகாது. நோவு மறக்கும் மாத்திரையை உட்கொண்டு ஓடுவது இத்தகையதே. அன்றியும் ஐபுப்ரொஃபென் முதலிய மாத்திரைகளை உண்டு நெடுநேரம் வெயிலில் ஓடுதல் சிறுநீரகத்துக்கும் தீங்கு விளைக்கக்கூடும்.

தூதுவன் சொல்லைக் கேளாதவர்களையே உலகம் பெரிதும் புகழ்ந்து வந்திருக்கிறது. மாரத்தான் என்னும் பெயரே அப்புகழின்மேல் எழுந்ததுதான். போர்க்களத்திலிருந்து ஏதென்ஸ் நகருக்கு ஓடி, வெற்றிச் செய்தியைச் சொல்லி விழுந்து மாண்ட தூதுவன் கதையை நாம் அனைவரும் அறிவோம். அக்காலத்துக்கு அணித்தாக வாழ்ந்த ஹெரோடோட்டஸ் என்னும் சரித்திராசிரியர், ஒரு தூதுவன் ஸ்பார்ட்டாவுக்கு ஓடினானென்று எழுதினாரேயன்றி, ஏதென்ஸில் விழுந்து மாண்டதாக எழுதவில்லை. சாவுக்கதை பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே நூல்களில் இடம்பெற்றது. ஆயினும் உலகம் பற்றிக்கொண்டது சாவுக்கதையைத்தான்.

1908ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த மாரத்தானில், இத்தாலியராகிய டொராண்டோ பியேத்ரி முதல்வராக மைதானத்துள் நுழைந்தார். நுழைந்தவர் வழி தடுமாறிப் பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லையைக் கடக்கச் செய்தனர். பிறருதவி பெற்றமையால் பரிசு அவர்க்கு மறுக்கப்பட்டது. ஆயினும் மறுநாள் அலெக்ஸாண்ட்ரா அரசியார் அவர்க்குப் பொன்முலாமிட்ட வெள்ளிக் கிண்ணத்தை அளித்தார். அன்று பரிசு பெற்ற ஜானி ஹேய்ஸ் என்பவரைவிட விழுந்த பியேத்ரியையே உலகம் இன்றளவும் நினைவில் வைத்திருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து, 1912இல் ஸ்டாக்ஹோம் நகரத்து மாரத்தானில், போர்ச்சுகல் நாட்டு பிரான்சிஸ்கோ லாஸரோ கடும் வெயிலில் 30 கிலோமீட்டர் அளவில் வீழ்ந்தார், மறுநாள் மரணமடைந்தார். வெயில் சுடாதிருக்க உடலில் மெழுகு பூசியிருந்தாரென்றும், அதனால் வியர்வை தடைப்பட்டதென்றும் கூறுவர்.

1954ஆம் ஆண்டு வான்கூவர் நகரில் ஜிம் பீட்டர்ஸ் என்னும் ஆங்கிலேயர்க்கு நேர்ந்ததும் இத்தகையதே. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் மாரத்தான் ஓட்டத்தின் உலக அளவை நான்கு முறை விஞ்சியவர் அவர். அன்று அவர் மைதானத்துள் வந்தபோது அடுத்தவர் ஏறக்குறைய 17 நிமிஷ தூரம் பின்னே இருந்தார். மெல்ல நடந்திருந்தாலும் வெற்றி அவருடையதே. ஆனால் வெயிலில் தம் அளவை மீறி ஓடி வந்தவர்க்கு நடக்கவும் உடல் இசையவில்லை. விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும் சில நூறு அடிகளைக் கடந்து, எல்லையை எட்டாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதன்பின் அவர் எப்பந்தயத்திலும் ஓடவில்லை. எடின்பரோக் கோமகன் அவருடைய தீரத்தை வியந்து ஒரு பதக்கம் அனுப்பினார். அரசியார் கிண்ணமும், கோமகன் பதக்கமும், நாம் சென்ற ஆண்டு இட்ட மாலையும் ஓரினத்தைச் சேர்ந்தவையே. அன்பினால் அளிக்கப்பட்டவைதாம், எனினும் விழுவதற்குக் கொடுத்த விலைகள்.

இவற்றோடு வேறொருவர் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்க நாட்டு டீனா காஸ்டர் அம்மையார் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். 2008இல் பெய்ஜிங் நகரத்தில் ஓடத் தொடங்கி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சென்றதும் அவர் பாதத்து எலும்பு முறிந்தது. அவர் நின்றுவிட்டார். நான்கு ஆண்டு உழைத்துத் தேடிய வாய்ப்பை நடுவழியில் விடுவது எளிதன்று; அன்று அவர்க்கு மாலையிட்டாரும் இலர். ஆனால் காலை ஆற்றி, படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பி, 2015ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தம் 42ஆம் வயதில் 2 மணி 27 நிமிஷம் 47 விநாடியில் மாரத்தானை ஓடி, நாற்பது கடந்த அமெரிக்க மகளிர்க்குரிய அளவை விஞ்சினார். விழும்வரை ஓடியவர் பிறகு பந்தயத்துக்குத் திரும்பவில்லை. நின்றவர் ஏழாண்டு கழித்தும் ஓடினார். இவ்விரண்டில் எதனை நம் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது?

இனிக் காயம் வாராமற் காத்தலைப் பற்றிச் சிறிது கூறுவோம். இத்துறையில் வாய்மொழியாக வழங்கும் விதிகள் மிகப் பல. ஆராய்ந்து பார்க்குமிடத்து நிலைப்பன சிலவே. ஓடுமுன் தசைகளை நீட்டி நிறுத்திப் பிடித்தலே காயத்தைத் தடுக்குமென்று நெடுநாள் நம்பினர். ஆஸ்திரேலியப் படையிற் சேர்ந்த 1,538 இளைஞரை இரு பிரிவாக்கிச் செய்த சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று; நீட்டியவர்க்கும் நீட்டாதவர்க்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தூரத்தைக் கூட்டினால் தீங்கில்லை என்பது மற்றொரு விதி. நெதர்லாந்தில் புதிதாய் ஓடத் தொடங்கிய 532 பேரைக் கொண்டு 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 13 வாரம் மெல்ல ஏற்றியவருள்ளும், 8 வாரத்தில் விரைந்து ஏற்றியவருள்ளும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் காயமுற்றனர். அப்படியாயின் அளவென்பதே இல்லையா? இருக்கிறது, அதனைப் பார்க்கும் இடம் வேறு. 2025இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 5,205 ஓட்டக்காரரை 18 மாதகாலம் கவனித்தனர். முந்திய 30 நாளில் தாம் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே நாளில் பத்து வீதத்துக்கு மேல் விஞ்சினவர்க்கு அபாயம் மிகுந்தது. இரு மடங்குக்கு மேல் விஞ்சினவர்க்கு இரண்டு மடங்கையும் கடந்தது. வாரக் கணக்கு ஒழுங்காயிருந்தும் ஒரே நாளின் பேராசை காலை முறித்துவிடக்கூடுமென்பது இதனாற் புலனாம். மாதம் முழுதும் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, பந்தயத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு ஓடிப் பார்க்கும் நம் விடுதி வழக்கத்தை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியின் பயனோ நன்கு நிலைபெற்றது. பல்வகை விளையாட்டுகளில் ஈடுபட்ட 26,610 பேரைப் பற்றிய 25 சோதனைகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, வலுப்பயிற்சியால் காயங்கள் மூன்றிலொரு பங்குக்கும் கீழே குறைந்தன என்று காட்டியது. நம் முன்னோர் கண்ட தண்டாலும் பஸ்கியும் இவ்வகையினவே; வாரத்தில் இருநாள், அரைமணி போதும். உறக்கம் இதற்கடுத்தது. அதே ஆண்டில் 112 இளம் விளையாட்டு வீரரை ஆராய்ந்ததில், எட்டு மணிக்குக் குறைவாய் உறங்குவோர்க்குக் காயம் நேர்தல் 1.7 மடங்காயிருந்தது. நள்ளிரவு தாண்டும்வரை கைப்பேசியைப் பார்த்திருந்துவிட்டு ஐந்து மணிக்கு ஓட எழுவாரை உழைப்பாளி என்று நாம் புகழ்வது பிழை. பகலில் தேய்ந்ததை உடல் இரவிலேயே பெரிதும் ஈடுசெய்கிறது. அவ்வேலையைக் குறைத்துக்கொண்டு மேலும் சுமையேற்றுவது தீமைக்கே வழி.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் இலேசானால் வேகம் கூடுமென்றெண்ணி உணவைக் குறைப்பார் நம்முள் உளர். மாணவியரிடத்து இது மிகுதி. உழைப்புக்கேற்ற உணவு கிடையாதபோது உடல் எலும்பைக் கட்டுதல் முதலிய வேலைகளைச் சுருக்கிக்கொள்கிறது. மகளிர்க்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறுதலோ நின்றுபோதலோ அதன் அறிகுறியாகும். இதனைப் பயிற்சியின் இயல்பான விளைவென்று சில காலத்துக்கு முன்வரை பலர் எண்ணினர். சர்வதேச ஒலிம்பிக் சபை 2014ஆம் ஆண்டில் இக்குறையைத் தனியே பெயரிட்டு, ஆண்பெண் இருபாலார்க்கும் இது தீங்கென்று எச்சரித்து, 2023இல் அவ்வெச்சரிக்கையை விரித்தும் வெளியிட்டது. இதனை வெட்கத்தால் மறைத்தல் கூடாது. தாயிடமோ, விடுதித் தலைவியாரிடமோ, மருத்துவரிடமோ தயங்காது சொல்ல வேண்டும்.

நீரருந்துவதிலும் அளவறிதல் வேண்டும். ஓடுங்கால் நீரே கூடாதென்பது ஒரு காலத்து வழக்கு. பிறகு, தாகமில்லாவிடினும் இயன்றமட்டும் குடிக்க வேண்டுமென்பது வழக்காயிற்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண்ணொருவர் அளவுக்கு மிஞ்சி நீர்மம் அருந்தியதால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிரிழந்தார். அப்பந்தயத்திலேயே 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேர்க்கு அக்குறை இருந்தமை 2005இல் வெளியாயிற்று. ஆதலால் தாகமறிந்து குடிப்பதே சாலச் சிறந்தது. நம் நாட்டு வெயிலில் நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட மோரும் நீராகாரமும் வியர்வையிற் போன உப்பையும் நீரையும் ஒருங்கே ஈடுசெய்யும்.

வெயிலின் கொடுமை தனியே எண்ணத்தக்கது. உடலின் உள்வெப்பம் 40 பாகை சென்டிகிரேடுக்கு மேலேறி அறிவு தடுமாறினால், அதுவே வெப்பத்தாக்கு. நிமிஷங்களில் உயிர்க்கு மோசம் வரும். அமெரிக்காவில் பால்மத் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஏழு மைல் ஓட்டத்தில், 18 ஆண்டுகளில் 274 பேர்க்கு இந்நிலை நேர்ந்தது. அனைவரையும் அவ்விடத்திலேயே பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில் அமிழ்த்தினர், ஒருவரும் இறக்கவில்லை. முதலில் குளிர்வித்து, அதன்பின்னரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டுமென்னும் பாடத்துக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஒரு பெரிய தொட்டி, சில மூட்டை பனிக்கட்டி: பரிசுக் கிண்ணத்தின் விலைகூட ஆகாது.

காயமுற்ற பின் நலம்பெறும் வழியிலும் அறிவு வேண்டும். ஓய்வென்பது எல்லாக் காயத்துக்கும் ஒன்றாகாது. வெடித்த எலும்புக்குச் சுமையை நீக்குதல் வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஓட்டம் ஆகாது. அக்காலத்தில் மருத்துவர் இசைந்தால் நீந்துதலும் மிதிவண்டி ஓட்டுதலும் மூச்சின் வன்மையைக் காக்கும். குதிகாலுக்குப் பின்னுள்ள தசைநாண் நொந்தாலோ, முற்றும் படுத்திருத்தல் உதவாது. அளவாகச் சுமையேற்றுதலே மருந்து. சுவீடன் தேசத்து ஆல்பிரெட்சன் முதலியோர் 1998ஆம் ஆண்டில், படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றிக் குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை 12 வாரம் நாடோறும் செய்வித்து நற்பயன் கண்டனர். எலும்பா, தசைநாணா, தசையா என்று அறியாமல் நீவுவதும் கட்டுவதும் இருளில் கைவிடுதலேயாம். நம் நாட்டு எண்ணெய்க் குளியலையும், சுளுக்கு வழிப்பவர் கைத்திறத்தையும் நாம் இகழ்கின்றோமில்லை. அயர்ந்த தசைக்கு அவை இதமானவை. ஒரு புள்ளியில் குத்தும் எலும்பை அவர் கையில் ஒப்புவிக்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள். திரும்ப ஓடத் தொடங்குமுன் நோவின்றி அரைமணி நடக்க இயல வேண்டும். பின்பு சிறிது ஓடி, சிறிது நடந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பயில வேண்டும். முன் ஓடிய வேகத்தை முதல் வாரத்திலேயே தேடுவார் முதற் காயத்தையே மீண்டும் அடைவர்.

இங்குச் சிலர், “இவ்வளவு எச்சரிக்கை சொன்னால் இளைஞர் கோழைகளாவர், அற்ப நோவுக்கெல்லாம் ஒதுங்குவர்” என்பர். அவ்வச்சத்தில் சிறிது நியாயமுண்டு. ஆயினும் நாம் பழகிய அளவில், நெடுந்தூரம் ஓட விடியுமுன் எழும் இளைஞரிடம் குறைவது துணிவன்று. துணிவு அவரிடம் முன்னமே மிகுந்திருக்கிறது. அதற்குத் துணையாக வேண்டுவது நிதானம். பலர் பார்க்க நிற்பதற்கு வேண்டும் நெஞ்சுரம், பலர் பார்க்க ஓடுவதற்கு வேண்டும் நெஞ்சுரத்தினும் பெரிது. இன்று கூவுகிற நாம் நாளை அவரோடு கோலூன்றி நடக்கப் போவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆதலின் கலாசாலை அதிகாரிகளுக்கும் விளையாட்டுச் சங்கத்தார்க்கும் சில விண்ணப்பங்களைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். முதலாவது, நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நாளைப் பன்னிரண்டு வாரம் முன்னதாக வைத்து, அன்று முதல் பயிற்சி நடத்துக. இரண்டாவது, ஓட்டத்தைச் சூரியன் எழுமுன் தொடங்கி, எல்லையில் மருத்துவரும் பனிநீர்த் தொட்டியும் இருக்கச் செய்க. மூன்றாவது, காயத்தால் விலகுவோர் பெயரை அடுத்த ஆண்டுப் பட்டியலில் தாமாகவே சேர்த்து, விலகுதல் இழப்பன்று என்பதைக் காட்டுக. நான்காவது, நொண்டி வருவோரை நிறுத்தும் அதிகாரத்தை வழியில் நிற்கும் தொண்டர்களுக்கு அளித்து, அவர் சொல்லே முடிவென்று முன்கூட்டி அறிவித்திடுக. இவற்றுள் பெரும்பொருட் செலவு எதுவுமில்லை. ஐந்தாவதாகிய ஒன்று நம் கையிலேயே இருக்கிறது: யாரேனும் கால் நொந்து நின்றால், ஓடி முடித்தவரை வரவேற்பதுபோலவே அவரையும் எழுந்து நின்று வரவேற்போம்.

சென்ற ஆண்டு இரண்டாவதாக வந்த நம் நண்பர் நலம் பெற்றுவிட்டார். தை மாதத்தில் நடக்கத் தொடங்கியவர், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறார். இவ்வாண்டுப் பந்தயத்தில் அவர் சேரவில்லை. மருத்துவர் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றாராம், அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வழித்தொண்டர் பட்டியலில் தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்திருக்கிறார். எவ்விடத்தில் நிற்க விருப்பமென்று கேட்டோம். “ஏழாவது கிலோமீட்டரில்” என்றார். அன்று அங்கே அவர் யாரையேனும் தடுத்து நிறுத்தினால், ஓடுவார் அவர் சொல்லுக்கு இணங்குக. ஓரத்தில் நிற்கும் நாம் நம் கூவலை அடக்கிக்கொள்வோமாக.